ரோமில் ஒரே நாள்: வத்திக்கானும் கொலோசியமும் வழிகாட்டியோடு சேர்த்துப் பார்க்கலாமா?

கோடைமழை:
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, ரோமில் முழுதாக ஒரு நாள்தான். மறுநாள் மதியம் ரயில். நாலு பேர், அதில் இரண்டு பேர் 65 தாண்டியவர்கள். காலையில் வத்திக்கான் அருங்காட்சியகம், பிற்பகல் கொலோசியம், இரண்டுக்கும் வழிகாட்டி என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. எடுக்கலாமா?

ரயிலடி:
தாராளமா எடுங்க. ரோம் வரைக்கும் போயிட்டு இதுல ஒண்ண விட்டுட்டு வர்றது நியாயமே இல்ல.

அருங்காட்சியகம் காலை 8 மணிக்குத் திறக்குது. வழிகாட்டியோட போனா ரெண்டரை, மூணு மணி நேரம். அதோட கடைசியில வர்ற சிற்றாலயம், சிஸ்டைன் சேப்பலுக்குள்ள பேசக்கூடாது, போட்டோவும் கூடாது. அதனால வழிகாட்டி முன்னாடியே பிக்னா முற்றத்துல இருக்கிற படப் பலகைகிட்ட நிறுத்தி, மைக்கலாஞ்சலோ 1508-லேருந்து 1512 வரைக்கும் வரைஞ்ச கூரை, 1541-ல முடிச்ச 'கடைசித் தீர்ப்பு' ஓவியம், ரெண்டையும் விளக்கிடுவார். அந்தப் பத்து இருபது நிமிஷம் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க, உள்ள போனப்புறம் கேட்க வழியில்ல. அப்புறம் சேப்பல்லேருந்து வலது பக்கக் கதவு வழியா நேரா பேதுரு பேராலயம். பன்னிரண்டரைக்கெல்லாம் வெளிய வந்துடலாம்.

சாப்பிட்டுட்டு ஒத்தாவியானோ மெட்ரோ ஸ்டேஷன். ஏ லைன்ல ஆறாவது ஸ்டேஷன் தெர்மினி, அங்க பி லைன் மாறினா ரெண்டாவது கொலோசியோ. நடையோட சேர்த்து அரை மணி நேரம், கூட்டம்னா முக்கால். கொலோசியத்துக்கு 3 மணி ஸ்லாட்டுக்கு, அதாவது டிக்கெட்டுல குறிச்ச நுழைவு நேரத்துக்கு, தாராளமா போகலாம்.

நிழல்தேடி:
இந்தக் கணக்கு முழுக்க அந்த வலது பக்கக் கதவை நம்பி நிற்கிறது. அது வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கான வழி. முன்னறிவிப்பில்லாமல் மூடிவிடுவார்கள், எந்த ஏஜென்டும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. மூடிவிட்டால் இடது பக்கமாகத் திரும்பி அருங்காட்சியக வாசல் வரை வந்து, மதிலைச் சுற்றி இருபது நிமிடம் நடந்து, பேராலயத்துக்கு முன்னுள்ள சதுக்கத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். ஜூன் மாத நண்பகலில் அந்த வரிசை ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். அதன் பிறகு 3 மணி ஸ்லாட் எங்கே?

கதவு திறந்திருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய பையை அருங்காட்சியக வாசலில் ஒப்படைத்திருந்தால் அதை எடுக்க மறுபடி அங்கேதான் போக வேண்டும். ஆகவே சின்னத் தோள்பை மட்டும் கொண்டு போங்கள்.

இதையெல்லாம் விட வெயில்தான் என் முக்கியமான ஆட்சேபம். காலையில் மூன்று மணி நேரம் பளிங்குத் தரையில் நின்ற 65 வயதுக்காரர்களைப் பிற்பகல் 3 மணிக்குக் கொலோசியத்தை ஒட்டிய பழைய நகர இடிபாடுகளான ரோமன் ஃபோரத்தில் நடக்க விடுவது தவறு. அங்கே நிழல் மிகக் குறைவு. பழைய சாலையின் கருங்கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், கால் மடங்கும்.

ரயிலடி:
ஃபோரத்தை அன்னிக்கே பார்க்கணும்னு யார் சொன்னா? 18 யூரோ சாதாரண டிக்கெட்டு கொலோசியம், ஃபோரம், பலத்தீன் குன்று மூணுக்கும் சேர்த்து, முதல்ல நுழைஞ்ச நேரத்துலேருந்து 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்துக்குள்ள வளைவுகளுக்கு அடியில நிழல் இருக்கு. ஃபோரத்தை மறுநாள் காலையில பார்த்துக்கலாம். ஆனா ஃபோரத்துக்கும் பலத்தீனுக்கும் சேர்த்து ஒரே தடவைதான் நுழைய முடியும், வெளிய வந்தா வந்ததுதான்.

சுண்ணாம்புக்கல்:
வரிசையையே திருப்பிப் போடுங்கள். வெட்டவெளி காலையில், கூரைக்கு அடியில் இருப்பது மாலையில். கொலோசியம் காலை முதல் ஸ்லாட், ஃபோரத்தையும் முடித்து 11:30-க்கு வெளியே. அறைக்குப் போய்ப் படுத்து எழுந்து, 4 மணிக்கு அருங்காட்சியகம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் இரவு 8 வரை திறந்திருக்கிறது, கடைசி நுழைவு 6 மணி. காலையில் வந்த பெரிய குழுக்கள் அதற்குள் போயிருக்கும். வரைபடக் கூடத்தில் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்க இடம் கிடைக்கும்.

ரயிலடி:
அப்ப பேராலயம்? அது சாயங்காலம் ஏழு மணி வாக்குல மூடிடும். நாலு மணிக்கு உள்ள போனவங்க ஏழுக்குள்ள அங்க போய்ச் சேர முடியுமா?

சுண்ணாம்புக்கல்:
மறுநாள் காலை 7 மணிக்குத் திறந்தவுடன் போகலாமே. நுழைவு இலவசம், அந்த நேரத்தில் வரிசையும் குறைவு.

நிழல்தேடி:
மறுநாள் புதன்கிழமை. போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு சதுக்கத்தில் நடக்கும் நாள். அது முடியும் வரை, அதாவது மதியம் வரை, பேராலயத்துக்குள் போக முடியாது. இவர்களுக்கோ மதியம் ரயில்.

சுண்ணாம்புக்கல்:
கிழமையை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியானால் செவ்வாய் காலை 7 மணிக்கே பேராலயம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், அருங்காட்சியகத்துக்கும் அதே விதி. குவிமாடம் வேண்டாம், லிஃப்ட் எடுத்தாலும் 320 படி மிச்சம். 8:15-க்கு வெளியே வந்து டாக்சி, 9:30-க்குக் கொலோசியம், உள்ளே மட்டும் ஒன்றேகால் மணி நேரம். ஃபோரம் புதன் காலை திறந்தவுடன், 9:30-க்குள் நுழைந்துவிட வேண்டும். செவ்வாய் மாலை 4 மணிக்கு அருங்காட்சியகம்.

ரயிலடி:
ஒரே நாள்ல வத்திக்கானுக்கு ரெண்டு தடவை போகச் சொல்றீங்க! பெரியவங்களுக்கு அந்த அலைச்சல்தான் அதிகம். நான் இன்னும் காலை வத்திக்கான்னுதான் சொல்வேன். கதவு மூடியிருந்தா பேராலயத்தை விட்டுட்டு நேரா சாப்பிடப் போங்க, கொலோசியத்தை 4:30-க்குத் தள்ளுங்க. கோடையில அது ஏழே கால் வரைக்கும் திறந்திருக்கும்.

நிழல்தேடி:
பேராலயத்தை விடுவதில் எனக்குச் சம்மதமில்லை, ரோமில் இலவசமாகக் கிடைக்கும் மிகப் பெரிய காட்சி அது. டாக்சி இருந்தால் இரண்டு முறை போவது பெரிய அலைச்சலே அல்ல. வெள்ளை டாக்சியில் நாலு பேர் உட்காரலாம், ஊருக்குள் மீட்டர். மதியம் மூன்று மணி நேர ஓய்வு கிடைக்கிறதே, அதுதான் பெரியவர்களை மாலை வரை தாங்க வைக்கும்.

எந்த வரிசையானாலும் அந்தப் பேக்கேஜ் வேண்டாம். அதில் நேரத்தை மாற்ற முடியாது. தனித்தனியாக எடுத்தால் நுழைவு மட்டும் தலைக்குக் கொலோசியம் 18 யூரோ, அருங்காட்சியகம் இணையப் பதிவுக் கட்டணத்தோடு 25, ஆக 43. பேக்கேஜ் விலையில் இதைக் கழித்துப் பாருங்கள், வழிகாட்டிக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். 'வரிசையைத் தாண்டலாம்' என்று விற்பது டிக்கெட் வரிசையை மட்டும்தான், பாதுகாப்புச் சோதனைக்கு எல்லோரும் நிற்க வேண்டும். கொலோசியம் டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர் இருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியலை மட்டும் போட்டால் வாசலில் பிரச்சினை வரலாம், தந்தை பெயரை விரித்தே எழுதுங்கள்.

கோடைமழை:
பேராலயம் காலை 7 மணி, மாலை அருங்காட்சியகம் என்றே வைத்துக்கொள்கிறோம். கொலோசியத்தில் படி ஏற வேண்டுமா?

ரயிலடி:
மேல் தளத்துக்குப் படி செங்குத்தா இருக்கும். முடியாதவங்களுக்கு லிஃப்ட் இருக்கு, உள்ள நுழைஞ்சதும் ஊழியர்கிட்ட கேளுங்க. கண்ணாடி பாட்டில் உள்ள விடமாட்டாங்க, பிளாஸ்டிக் பாட்டில்ல தெருக்குழாய்த் தண்ணி பிடிச்சுக்கலாம், குடிக்கிற தண்ணிதான். மெட்ரோவுல போனா பேங்க் கார்டைத் தட்டிப் போறதுக்கு ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டை நாலு பேருக்குத் தட்ட முடியாது.