ஊர் மாறினப்போ மறக்க முடியாம நடந்தது எது?

தாழ்வாரம்:
மூணு மாசம் ஆச்சு, அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகல. முன்பக்கம் கதவு வச்ச வாஷிங் மெஷின். வாங்கினப்போ பின்னாடி இருந்த நாலு நீளப் போல்ட்டைக் கழட்டி கவர்ல போட்டுக் கொடுத்தாங்க. வேற இடத்துக்குக் கொண்டுபோறப்போ ட்ரம் ஆடாம இருக்க அதைத் திரும்ப மாட்டணும். மூட்டை கட்டற அவசரத்துல டிராயரைக் கவுத்தேன், துருப்பிடிச்ச சாவியோட அந்தக் கவரும் குப்பைக்குப் போச்சு. என் கையாலதான் போட்டேன். புது வீட்டுல முதல் தடவை துணி பிழிய ஆரம்பிச்சதும் மெஷின் இடத்தை விட்டு நகர்ந்து சுவர்ல போய் மோதுச்சு. பக்கத்து வீட்டம்மா பயந்துபோய்க் கதவைத் தட்டினாங்க. அந்த ஊர்ல நாங்க பார்த்த முதல் முகம் அது. ட்ரம்மைத் தாங்கற டாம்பர் ரெண்டும் உடைஞ்சிருந்துச்சு. ஏத்தினவங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஒற்றைப்பனை:
எங்களுக்கு அம்மாவோட இன்சுலின். லாரி காலையில வந்துடும்னு நம்பி, திறக்காத மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டியில வச்சு ஏத்திட்டேன். மருந்துச் சீட்டும் அதே பெட்டியில. கையில இருந்த இன்சுலின் ஊசிப் பேனா முதல் ராத்திரியோட தீர்ந்துச்சு. மறுநாள் ராத்திரி ஆகியும் லாரி வரல. பல்பு மாட்டாத ஹால்ல, வெறும் தரையில உட்கார்ந்துகிட்டு அம்மா, "ஒரு வேளை போடலேன்னா ஒண்ணும் ஆகாதுடா, நீ படு"ன்னாங்க. ஆகும்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழைய டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, தெரியாத தெருவுல கடை தேடி வாங்கினப்போ மணி பதினொண்ணு. லாரி வந்தப்போ ஐஸ் உருகித் தண்ணியே வெதுவெதுன்னு இருந்துச்சு. 2லேர்ந்து 8 டிகிரி செல்சியஸ்ல இருக்க வேண்டிய மருந்து. அத்தனையும் வீண்.

கோட்டுத்தாள்:
தாழ்வாரம், ஏத்தினவங்களைக் குறை சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. போல்ட் நம்மகிட்டதானே இருக்கு? என் விஷயம் ஃபிரிட்ஜ். படுக்க வச்சுக் கொண்டுவந்ததை இறக்கின கையோட சுவிட்ச் போட்டேன், கம்ப்ரசர் போச்சு.

கிளம்பப் போறவங்க கேளுங்க. ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைச்சு, பனி உருகினதும் துடைச்சு, நிமிர்த்தியே கொண்டுபோங்க. படுக்க வச்சா கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள்ள இறங்கிடும். வேற வழியில்லாம படுக்க வச்சிருந்தா, நிமிர்த்தி ஒரு நாள் விட்டுட்டுப் போடுங்க. புத்தகம் சின்னப் பெட்டியில, தலையணை பெரிய பெட்டியில. உள்ளே என்ன இருக்குன்னு பெட்டியோட பக்கவாட்டுல எழுதுங்க, அடுக்கினப்புறம் மேல்பக்கம் தெரியாது. கட்டிலோட திருகாணியை ஒரு கவர்ல போட்டு அதே பலகையில ஒட்டுங்க. காலி பண்ற வீட்டோட மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்க, சுவரையெல்லாம் வீடியோ எடுங்க, அட்வான்ஸ் திரும்ப வாங்கறப்போ பேச்சு வராது. பேங்க்ல நம்பர் மாத்தற வரைக்கும் பழைய சிம்மை விடாதீங்க, ஓடிபி அதுக்குத்தான் வரும். ஒற்றைப்பனை சொன்ன மருந்தும் சீட்டும் லாரியில ஏறவே கூடாது.

தாழ்வாரம்:
குறை சொல்லல. காலையிலதான் குப்பையில போட்டேன், மெஷினைத் தூக்கறப்போ வாளி வாசல்லயே இருந்துச்சு. யாராவது கேட்டிருந்தா கொட்டித் தேடியிருப்பேன். அதுதான் மனசுல நிக்குது.

சாம்பல்வால்:
எங்க பூனையைக் குளியலறையில விட்டுத் தாழ் போட்டு, திறக்காதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தேன். யாரோ கை கழுவத் திறந்திருக்காங்க. லாரி கிளம்பற நேரத்துல பூனையைக் காணோம். தெரு முழுக்கக் கூப்பிட்டுட்டு வந்து நான் அழறதைப் பார்த்த டிரைவர், எஞ்சினை அணைச்சுட்டு, "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க"ன்னார். லாரிக்குள்ளேர்ந்து சின்னதா ஒரு முனகல். ஏழாவதா பிரிச்ச போர்வைப் பெட்டியில இருந்துச்சு. டேப் ஒட்டினது நான்தான்.

இப்பவும் டேப் இழுக்கற சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுது.