டிராஃப்டிங்: ‘ஒதுங்கல்’ வேண்டாம், ‘ஒண்டல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கான சொற்களைத் தொகுக்கத் தொடங்கியதிலிருந்து டிராஃப்டிங் என்ற ஒரே சொல்லில் நின்றுகொண்டிருக்கிறோம். போன வாரம் ‘ஒதுங்கல்’ என்று முன்மொழிந்தவன் நான்தான். பலருக்கும் பிடித்திருந்தது. இன்று அதை நானே திரும்பப் பெறுகிறேன். காரணம் ஞாயிற்றுக்கிழமை சாலையில் கிடைத்தது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஓட்டாதவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். சமதளத்தில் சற்று வேகமாகப் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது காற்று. டயரும் சங்கிலியும் தின்பது சொற்பம். ஒருவர் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவருடைய பின்சக்கரத்திலிருந்து ஒரு முழம் இரண்டு முழம் விட்டு இன்னொருவர் போனால், பின்னவருக்குக் கால்பங்கு உழைப்பு மிச்சமாகும், சில நேரம் மூன்றில் ஒரு பங்குகூட. கூட்டம் பெரிதாக இருந்தால் மிச்சமும் பெரிது. 2018-இல் காற்றியக்க ஆய்வாளர் பெர்ட் பிளாக்கனும் அவர் குழுவினரும் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச்சுரங்கத்திலும் வைத்து ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவே பின்பகுதியில் இருப்பவர் மேல் விழும் காற்றுத்தடை, தனியாக ஓட்டுபவர் மேல் விழுவதில் 5 முதல் 10 விழுக்காடுதான் என்று தெரியவந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய காற்றே இல்லாத உலகத்தில் மிதிக்கிறார்.

இதில் ஆங்கிலம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. காற்று குறைந்திருக்கும் அந்த இடம் ஸ்லிப்ஸ்ட்ரீம். அந்த இடத்தில் புகுந்து ஓட்டும் செயல் டிராஃப்டிங். இடத்துக்கும் செயலுக்கும் ஒரே சொல்லைத் தேடியதுதான் இத்தனை நாள் நாம் தடுமாறியதற்குப் பாதிக் காரணம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

‘வரைவு’ பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சட்ட வரைவு, கடித வரைவு என்னும்போது வரும் டிராஃப்ட் வேறு, இது வேறு. மொழிபெயர்ப்புக் கருவிகள் இதைத்தான் எடுத்து நீட்டுகின்றன என்பதற்காகவே நாம் விலக்கி வைக்க வேண்டும்.

> ‘பின்னிழுவை’ பொருத்தமாக இருக்கும். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரை இழுத்துச் செல்வது போலத்தானே இருக்கிறது?

ஓட்டுபவருக்கு அப்படித்தான் தோன்றும், உண்மை. ஆனால் இழுவை என்ற சொல்லை நம் இயற்பியல் தொகுப்பில் ஏற்கெனவே டிராகுக்கு, அதாவது காற்று தரும் தடைக்கு, கொடுத்துவிட்டோம். இழுவை குறைவதற்கே பின்னிழுவை என்று பெயர் வைத்தால் மாணவர் குழம்பிப் போவார். அதைவிடப் பெரிய சிக்கல் ‘பின்’ என்ற முன்னொட்டு. பின்தொடரல், பின்னோட்டம், பின்சேர்தல் என்று வந்த எல்லாப் பரிந்துரைகளுக்கும் இதே குறை உண்டு. காற்று நேர் எதிரே வரும்போதுதான் மறைவு பின்னால் இருக்கும். அது பக்கத்திலிருந்து அடித்தால் மறைவும் பக்கத்துக்கு நகர்ந்துவிடும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஓட்டுபவர் உணரும் காற்று, அடிக்கும் காற்று மட்டுமில்லை, அவருடைய வேகமும் அதில் சேர்ந்திருக்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால் முகத்தில் மோதுவது 40. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அது காற்றில்லாத நாளைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதே காற்று முதுகுக்குப் பின்னால் வந்தால் முகத்தில் மோதுவது வெறும் 10, தடை ஆறில் ஒரு பங்கு. சரி, அதே 25 வேகத்தில் போகும்போது நேர் வலப்பக்கத்திலிருந்து 25 வேகக் காற்று அடித்தால்? சாய்வாக, வலது முன்மூலையிலிருந்து 35 வேகத்தில் அடிப்பதாக உணர்வோம். அப்போது ஒருவருடைய மறைவு அவருக்கு நேர் பின்னால் கிடையாது. அவருடைய இடது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். நாலு பேர், 180 கிலோமீட்டர். காலையில் நேர் எதிர்க்காற்று, ஒற்றை வரிசையில் முறை வைத்து ஓட்டினோம். பத்து மணிக்கு மேல் அடிவானத்தில் கருமேகம் திரண்டது. மழை வருவதற்குக் கால்மணி நேரம் முன்பே குளிர்காற்று வந்துவிட்டது. மழையோடு மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பரவுவதால் வருவது அது. மேகம் எங்கள் வலப்பக்கம் இருந்ததால் காற்றும் வலப்பக்கத்திலிருந்து வந்தது. நான் இரண்டாவதாக இருந்தேன். முன்னால் இருந்தவரின் நேர் பின்னால் இனி மறைவு இல்லை என்று முழங்கால்களுக்குத் தெரிந்துவிட்டது, சட்டென்று கனத்தன. இடப்பக்கம் நகர்ந்து, என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தோடு அரைவட்டம் ஒட்டி நிற்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். அங்கே காற்றின் இரைச்சலே அடங்கியது. அவருடைய சங்கிலி ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

எனக்குப் பின்னால் வந்தவர் இன்னும் பழைய வரிசையிலேயே திணறிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து நான் கத்தினேன்: “ஒதுங்கு! ஒதுங்கு!”

நம் சொல்லை அன்று முழுக்கப் பயன்படுத்திப் பார்ப்பது என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். ஆனால் முன்னால் இருந்தவர் காதில் அது கலைச்சொல்லாக விழவில்லை. பின்னால் ஏதோ வண்டி வருகிறது, ஓரம் போகச் சொல்கிறான் என்று நினைத்து இடப்பக்கம் ஒதுங்கினார். அந்த இடப்பக்கத்தில்தான் என் முன்சக்கரம் இருந்தது. ரப்பரோடு ரப்பர் உரசி ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. கைப்பிடி ஒருமுறை உதறியது. பிரேக் பிடித்துப் பின்வாங்கியதால் விழவில்லை. சக்கரங்கள் இப்படி உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான், அவருடையது திசைதிருப்பும் சக்கரம் என்பதால்.

தவறு அவருடையது இல்லை. ஒதுங்கு என்றால் விலகிப்போ என்று எந்தத் தமிழனும் புரிந்துகொள்வான். மழைக்கு ஒதுங்குவதும் ஓரமாக ஒதுங்குவதும் வேற்றுமை உருபால் வேறுபடும் என்று போன மடலில் நான் வாதாடியிருந்தேன். எழுத்தில் அது சரி. கத்தும்போது வேற்றுமை உருபு காற்றோடு போய்விடுகிறது, வினை மட்டும்தான் போய்ச் சேர்கிறது. முறை முடிந்து முன்னவர் விலகிப் பின்னால் போவதும் இந்த விளையாட்டில் ஒரு முக்கியமான அசைவு. ஒரே சொல் ‘உள்ளே வா’, ‘வெளியே போ’ இரண்டுக்கும் பொருந்துமானால் அது சாலைக்கு ஆகாது. நாம் உருவாக்கும் மற்ற சொற்கள் பாடநூலில் நிதானமாகப் படிக்கப்படுபவை. இந்தச் சொல்லை மூச்சிரைக்கக் கத்துவார்கள். அந்தச் சோதனையில் என் சொல் தோற்றுவிட்டது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. சிறிது நேரம் அதிலேயே ஓட்டினோம். முன்சைக்கிளில் மட்கார்டு இல்லை. பின்சக்கரத்திலிருந்து கயிறு மாதிரி எழுந்த சேற்றுத்தண்ணீர் நேராக என் வாயில் அடித்தது, பல்லிடுக்கில் மணல் நெறுநெறுத்தது. ஈரத்தில் விளிம்பு பிரேக் பிடிக்கத் தாமதமாகும் என்பதால் இடைவெளியை ஒரு சைக்கிள் நீளத்துக்கு மேல் கூட்டினோம். அந்தத் தூரத்தில் மறைவு குறையும், ஆனாலும் கொஞ்சம் இருக்கும். மழை வலுக்கவே சாலையோரம் ஒரு பாழடைந்த சுவரைப் பார்த்து நிறுத்தினோம். சாரல் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. நான் சுவரின் நுனியில் நின்றிருந்தேன். கூட வந்தவர் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, “இன்னும் கொஞ்சம் உள்ளே ஒண்டிக்கோ, சாரல் அடிக்குது பார்” என்றார்.

அந்த இடத்திலேயே எனக்குச் சொல் கிடைத்துவிட்டது.

ஒண்டுதல். மறைப்பு தருகிற ஒன்றை நெருங்கி, அதன் காப்பில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிற்பது. மழைக்குச் சுவரில் ஒண்டுகிறோம், குளிருக்குக் கோழிக்குஞ்சு தாயின் சிறகுக்குள் ஒண்டுகிறது. முன்னால், பின்னால் என்ற திசை இந்தச் சொல்லுக்குள் இல்லை. மறைப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒண்டிக்கொள்ளலாம், காற்று திரும்பினால் நாமும் திரும்பி ஒண்டலாம். விலகிப்போ என்ற பொருள் இதில் எந்த மூலையிலும் கிடையாது. ‘ஒதுங்கு’வில் இருக்கும் காப்பு அப்படியே இருக்கிறது, ஆபத்து நீங்கிவிட்டது. மழை விட்ட பிறகு மீதி 70 கிலோமீட்டரும் “ஒண்டிக்கோ”, “விலகு” என்ற இரண்டு சொற்களை வைத்தே ஓட்டினோம். ஒருமுறைகூடக் குழப்பம் வரவில்லை.

மறுப்புகளை நானே எதிர்பார்க்கிறேன். ஒண்டிக் குடித்தனம், ஒண்டிப் பிழைப்பது என்று இந்தச் சொல்லுக்கு ஒரு தாழ்ந்த வாடை உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் அது இந்த விளையாட்டின் ஒழுங்குக்கு மிகவும் பொருந்துகிறது. ஒண்டுவது இங்கே கடன். அடுத்த முறை நீ முன்னால் போய் அதைத் திருப்பிக் கொடுக்கிறாய். இன்னொன்று, பின்னால் ஒருவர் ஒண்டினால் முன்னவருக்கும் அவர் முதுகுப்புறத்துச் சுழல் கொஞ்சம் அடங்கி, ஓரிரு விழுக்காடு தடை குறைகிறது. ஆகவே கொடுப்பவருக்கு நட்டமில்லை. நாள் முழுக்க முன்னே வராமல் ஒண்டியே வந்துவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரில் எல்லோரையும் முந்திப் பாய்பவரைத்தான் பழிக்க வேண்டும். அவருக்கு ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய’ கதை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

தனியாள் என்ற பொருளில் வரும் ‘ஒண்டி’யோடு குழம்பாதா என்றால், பெயர்ச்சொல்லை ‘ஒண்டல்’ என்றே நிறுத்திவிட்டால் குழம்பாது.

> ‘காற்றுநிழல்’ அழகான சொல். ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை?

அழகான சொல்தான், ஜெர்மனில் விண்ட்ஷாட்டன் என்பதும் இதே கட்டுமானம்தான், காற்றும் நிழலும். எனக்குள்ள தயக்கம், வெயிலில் நிழலைத் தேடிக்கொண்டே ஓட்டுகிறவரிடம் “நிழலுக்கு வா” என்றால் அவர் மரத்தைத்தான் பார்ப்பார் என்பது. இடத்துக்கு ‘காற்றுமறைவு’ எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. புவியியல் பாடத்தில் மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். மலை ஈரக்காற்றைத் தடுப்பதால் அப்பால் மழையில்லாத நிலம் அது, ஓட்டுபவர் காற்றைத் தடுப்பதால் அப்பால் காற்றில்லாத இடம் இது. மறைவு என்றால் இறப்பு என்ற பொருளும் வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தனியாக ‘அவர் மறைவில் ஓட்டினேன்’ என்று எழுதினால் கட்டாயம் தவறாகப் படும். ஆகவே ‘காற்று’ என்பதை எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும் என்று குறிப்பு போட்டுவிடலாம்.

ஒண்டல், காற்றுமறைவு என்ற இந்த இரண்டு சொற்களும் சைக்கிளுக்குப் பின்னால் சைக்கிள் என்பதோடு நிற்கவில்லை. 1899-இல் அமெரிக்காவில் சார்லஸ் மர்ஃபி என்பவர் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பரப்பி, ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒண்டி, ஒரு மைலை 57.8 விநாடியில் கடந்தார். 2018-இல் டெனிஸ் முல்லர்-கோரனெக் என்ற பெண் அமெரிக்காவின் பான்வில் உப்புத் தரையில் ஒரு பந்தயக் காரின் காற்றுமறைவில் மணிக்கு 296 கிலோமீட்டரைத் தொட்டார். இந்த வாக்கியங்களைச் சொல்லை மாற்றாமல் எழுத முடிகிறது என்பது எனக்குத் தெம்பாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தனியே நேரத்தோடு போட்டியிடும் தனிநபர் நேரப் பந்தயத்தின் விதியையும் எழுதிப் பார்த்தேன்: ‘மற்றொரு போட்டியாளரின் காற்றுமறைவில் ஒண்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது.’ இடறலில்லாமல் வருகிறது.

முன்னால் நின்று காற்றை வாங்குவதற்கு ‘முகங்கொடுத்தல்’ எப்படி? ஈழத் தமிழில் சிக்கல்களுக்கு முகங்கொடுப்பது என்று நாள்தோறும் எழுதுகிறார்கள். “இருபது நிமிடம் காற்றுக்கு முகங்கொடுத்தேன்” என்றால் விளக்கமே தேவையில்லை.

பக்கக்காற்றில் சாய்வாக அணிவகுக்கும் எஷலானுக்கு ‘சாய்வணி’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். தெளிவான சொல், அதையே பட்டியலில் வைக்கலாம். பேச்சுக்கு ‘விசிறி’யையும் சேர்க்க ஆசை. டச்சில் வாயர், ஸ்பானியத்தில் அபனீக்கோ, இத்தாலியத்தில் வெந்தாலியோ, மூன்றுக்கும் விசிறி என்றுதான் பொருள். சாலையின் அகலம் உள்ளவரைதான் விசிறி விரியும், அதற்குமேல் வருபவர்கள் ஓரத்தில் காற்றுமறைவே இல்லாமல் ஒற்றை வரிசையில் தவிப்பார்கள். வண்டிகள் ஓடும் பொதுச்சாலையில் இரண்டு பேருக்கு மேல் விரிக்கக் கூடாது என்பதை விளக்கக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேர் விரித்தபோதே எங்கள் சக்கரங்கள் உரசின.

ஆகப் பட்டியலுக்கு என் முன்மொழிவு: ஸ்லிப்ஸ்ட்ரீம் – காற்றுமறைவு, டிராஃப்டிங் – ஒண்டல், வினையாக ஒண்டு, முன்னால் இருந்து பின்னால் போவது – விலகல். ‘ஒதுங்கல்’ என்று இட்ட வரியை யாராவது அடித்துவிடுங்கள், எனக்குத் திருத்தும் அனுமதி இல்லை. சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் அடுத்த பயணத்தில் “ஒண்டிக்கோ” என்று ஒருமுறை உரக்கக் கத்திப் பார்த்துவிட்டு, கேட்டவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். காற்றடிக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது.