புதுப்பிப்பு: மகனின் தொண்டைவலிக்குக் காரணம் தெரிந்தது

விடாத காய்ச்சல், தொண்டையில் வெண்படலம், கழுத்தில் நெறிகட்டு என்று கல்லூரியில் படிக்கும் என் மகனைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் அது எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் மோனோநியூக்ளியோசிஸ் என்ற தொற்றுநோய் என்று உறுதியாகியுள்ளது. முதலில் கொடுத்த அமாக்சிசிலின் என்ற பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு மார்பெங்கும் அம்மை போட்டதுபோலச் சிவந்த தடிப்புகள் எழுந்தனவே, இந்நோயின்போது அம்மருந்து பலருக்கு அப்படிச் செய்யும் என்பதால், அதை நிரந்தரப் பென்சிலின் ஒவ்வாமை என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை என்றார் மருத்துவர். ஆன்டிபயாடிக் நிறுத்தப்பட்டது; ஓய்வு, நீராகாரம், பாராசிட்டமால், உப்பு வெந்நீர்க் கொப்பளிப்பு, அவ்வளவுதான். காய்ச்சல் தணிந்துவிட்டாலும் மாடிப்படி ஏறினாலே சோர்ந்துவிடுகிறான். இந்த அசதி சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீடிக்குமாம். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, அடிபட்டால் அது கிழியக்கூடும் என்பதால் குறைந்தது ஒரு மாதம் கபடி கூடாது (அவனுக்கு நோயைவிட இதுதான் வருத்தம்). இடது விலாவுக்குக் கீழே திடீரென வலித்தால், காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.