மறு: ‘புரொபேட்’: உயில் மெய்ப்பா, உயிலேற்பா?

(புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: இறந்தவரின் உயிலை நீதிமன்றம் முறைப்படி ஏற்பதுதான் ‘புரொபேட்’. இங்கிலாந்துப் பழைய ஆவணங்களில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்காக அதற்கும் அதைச் சார்ந்த சொற்களுக்கும் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம்.)

> ‘உயில் மெய்ப்பு’ என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு மெய்ப்பித்தல் என்றுதானே பொருள்?

பொருள் சரிதான் ஐயா, லத்தீன் வேரும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ‘மெய்ப்பு’ என்றதும் நம்மில் பாதிப் பேர் அச்சுப் பிழை திருத்தச் சிவப்புப் பேனாவைத் தேடுவார்கள். அச்சகக்காரர்கள் அந்தச் சொல்லை எப்போதோ வளைத்துப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் தகராறு இல்லாத உயிலை யாரும் துருவிப் பார்த்ததில்லை. நிறைவேற்றாளர், அதாவது உயிலில் சொன்னபடி செய்து முடிக்கும் பொறுப்பு பெற்றவர், வந்து ‘இதுதான் அவருடைய கடைசி உயில்’ என்று சத்தியம் செய்வார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு முத்திரை வைக்கும். யாராவது எதிர்த்தால்தான் சாட்சி, விசாரணை எல்லாம். ஆக, மெய் என்று நிறுவியது கொஞ்சம், ஏற்றுக்கொண்டதே அதிகம். அதனால்தான் ‘உயிலேற்பு’ என்கிறேன்.

முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு இந்தச் சொல் தேதியோடும் ஒட்டிவர வேண்டும். ஷேக்ஸ்பியரையே பாருங்கள். உயிலில் இருக்கும் தேதி 1616 மார்ச் 25. அவர் இறந்தது ஏப்ரல் 23. மருமகன் ஜான் ஹால் சத்தியம் செய்து, கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றம் உயிலை ஏற்றது ஜூன் 22. மூன்று தேதிகள்! புதிதாக இதில் இறங்குகிறவர்கள் கடைசித் தேதியை இறந்த நாள் என்று வம்சாவளியில் எழுதிவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அந்தக் கட்டத்துக்கு மேல் ‘உயிலேற்பு நாள்’ என்று தலைப்பு இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

(அதே உயிலில் எலிசபெத் ஹாலை ‘நீஸ்’ என்கிறார். இன்றைய அகராதியை நம்பி அண்ணன் மகள், தங்கை மகள் என்று போட்டால் போச்சு. அவள் பேத்தி.)

> அப்படியானால் ‘புரொபேட் ரெக்கார்ட்ஸ்’ என்பது உயிலேற்பு ஆவணங்கள். முடிந்தது கதை.

முடியவில்லையே அக்கா. உயில் எழுதாமலே போனவர்களை எங்கே வைப்பது? அவர்கள் விஷயத்தில் ஏற்பதற்கு உயிலே கிடையாது. மனைவியிடமோ நெருங்கிய சொந்தத்திடமோ பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு, சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஓர் ஆணை கொடுக்கும். பெயர், ஊர், யாரிடம் பொறுப்பு என்று பெரும்பாலும் நாலைந்து வரிதான். அந்த நாலு வரியில்தான் ஒரு விதவையின் பெயர் அகப்படும். இதற்குப் ‘பொறுப்பாணை’ என்பேன்.

இரண்டையும் சேர்த்துச் சொல்ல முதலில் ‘எச்ச ஆவணங்கள்’ என்று நினைத்தேன். எச்சம் நல்ல பழஞ்சொல். விட்டுப்போன பொருளையும் குறிக்கும், பெற்ற பிள்ளைகளையும் குறிக்கும், இந்தத் துறைக்கென்றே செய்தது போல. ஆனால் வீட்டில் சொல்லிப் பார்த்தேன், காக்கையைத்தான் கேட்டார்கள். எனவே ‘உடைமை ஒப்படைப்பு ஆவணங்கள்’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

‘இன்வென்டரி’க்கு உடைமைப் பட்டியல் போதும், அதில் சண்டை வேண்டாம். 1529 முதல் 1782 வரை அதைக் கொடுப்பது கட்டாயமாக இருந்தது. அக்கம்பக்கத்தார் அறை அறையாகப் போய்க் கட்டில், பித்தளைப் பானை, ஆடு என்று விலையோடு எழுதியது. ஷேக்ஸ்பியருடையதும் நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்டது, ஆனால் தொலைந்துவிட்டது. இரண்டாவது நல்ல கட்டிலைத்தானே மனைவிக்கு விட்டார். முதல் கட்டில் எந்த அறையில் கிடந்தது என்று அதில் இருந்திருக்கும்.

> 1858-க்கு முன், பின் என்று சொற்கள் மாறுமா?

மாற வேண்டாம். அந்த ஆண்டு ஜனவரி 12-க்கு முன் வேலை திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. பேராயர், ஆயர், அவருக்குக் கீழே இன்னும் சிலர் என்று ஆளுக்கொரு நீதிமன்றம். எந்த ஊர் எதில் வரும் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதன் பிறகு அரசு பொறுப்பேற்று, ஆண்டுதோறும் அகரவரிசைப் பட்டியல் அச்சிட்டது. கை மாறியது, செய்த காரியம் அதேதான்.

‘கேவியட்’டை, அதாவது ‘எனக்குத் தெரிவிக்காமல் ஆணை போடாதீர்கள்’ என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் கொடுத்துவைக்கும் மனுவை, நான் தொடவில்லை. நம்மூர் நீதிமன்ற வாசலில் டீக்கடைக்காரருக்கே அது தெரியும்.