பார்டர்ல வெடேலியா அடங்கவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, தோட்டத்து ஓரத்துல மஞ்சப் பூ பூக்குற வெடேலியா இருக்கு, பார்க்க அவ்ளோ அழகு, ஆனா இப்ப பார்டரைத் தாண்டி ரோஜா, செம்பருத்தி அடிவரைக்கும் போய் பாய் விரிச்ச மாதிரி மூடிருச்சு. தண்டு மண்ணுல படுற கணுவுல எல்லாம் வேர் விடுது, பிடுங்கும்போது ஒரு துண்டு விட்டுப்போனாலும் அதுல இருந்தே திரும்ப வருது. உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள்னு ஐயுசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு போட்ட லிஸ்ட்ல இதுவும் இருக்கு, அதனால வெட்டுனதை வெளிய கொட்ட மனசே வரல, கறுப்பு கவர்ல கட்டி வெயில்ல வச்சு நல்லா செத்தப்புறம்தான் போடுறேன்.

பக்கத்துல ஊதாப் பூ மெக்சிகன் பெட்டூனியா வேற, முத்துன காய்ல ஈரம் பட்டா வெடிச்சு விதை தெறிக்குது, அதைக்கூட காய் முத்துறதுக்குள்ள நறுக்கி சமாளிச்சுடலாம்.

வெடேலியாவுக்குத்தான் வழி தெரியல. மண்ணுக்குள்ள தகடு இறக்குனா மேல ஏறி வராதா? அட்டை போட்டு மூடுனவங்க எத்தனை மாசம் விட்டீங்க? கிளைபோசேட் களைக்கொல்லியை ரோஜா பக்கத்துல அடிக்க பயமா இருக்கு, இலையில மட்டும் தடவி யாராவது பாத்திருக்கீங்களா? அந்த இடத்துல கொத்தா நிக்குற, ஓடாத செடி எது வைக்கலாம்னும் சொல்லுங்க ப்ளீஸ்.