கார்சியா என்னும் ஸ்பானியக் குடும்பப் பெயர்: தோற்றமும் பிற நாடுகளில் அதன் பரவலும்

ஏடுபுரட்டி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் வெளியிட்டுள்ள குடும்பப் பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். கார்சியா என்ற ஸ்பானியப் பெயர் 1990இல் 18ஆம் இடத்திலும், 2000இல் 8ஆம் இடத்திலும், 2010இல் 6ஆம் இடத்திலும் உள்ளது. 2000இல் அப்பெயரைக் கொண்டிருந்தவர்கள் 8,58,289 பேர். 2010இல் 11,66,120 பேர். நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்த மில்லர், டேவிஸ் ஆகிய பெயர்களை அது அந்தப் பத்தாண்டுகளில் கடந்துவிட்டது.

ஸ்பெயினில் இன்றும் இதுவே மிகப் பரவலான குடும்பப் பெயர் என்பதை அறிவேன். ஆனால் இது எங்கே, எப்படித் தோன்றியது, தொடக்கத்திலேயே குடும்பப் பெயராக இருந்ததா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. பிலிப்பைன்ஸிலும் இப்பெயர் மிகுதியாக வழங்குவதால், அங்குள்ள கார்சியாக்கள் அனைவரும், குடும்பப் பெயர்களை ஒழுங்குபடுத்த அங்கிருந்த ஸ்பானிய ஆட்சி பிறப்பித்த 1849ஆம் ஆண்டு ஆணையால் அப்பெயரைப் பெற்றவர்கள்தானா என்றும் கேட்க விரும்புகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குடும்பப் பெயரின் இன்றைய பரவலை வைத்து, ஸ்பெயினிலிருந்து மக்கள் புறப்பட்டுச் சென்ற வழிகளை வரைபடமாகத் தீட்ட இயலுமா? இதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மலையடிவாரம்:

தோற்றம் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கூறுகிறேன். கார்சியா தொடக்கத்தில் குடும்பப் பெயர் அன்று. பிறந்த குழந்தைக்கு இடும் பெயர். பிரனீஸ் மலைத்தொடரை ஒட்டிய வட ஸ்பெயினில், பாஸ்க் மொழி வழங்கிய நிலத்தில், 9ஆம் நூற்றாண்டிலேயே அது அரச குடும்பத்தினரின் பெயராகக் காணப்படுகிறது. பாஸ்க் மொழியில் கரடியைக் குறிக்கும் 'ஹார்ட்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார்; 'இளையவன்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பார் மற்றொரு சாரார். இதில் முடிந்த முடிவு இல்லை. பாஸ்க் நிலத்தோடு அதற்குள்ள தொடர்பைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

என் பார்வையில், வேர்ச்சொல் ஆராய்ச்சியைவிட, அதே வட ஸ்பெயினில் இருந்த பாம்ப்லோனா அரசின் மன்னர்களின் வரிசையே நமக்குத் தெளிவான பாடம். 925 முதல் 970 வரை ஆண்டவர் கார்சியா சாஞ்செஸ், அதாவது சாஞ்சோவின் மகனான கார்சியா. அவருக்குப் பின் வந்த மகனின் பெயர் சாஞ்சோ கார்செஸ், அதாவது கார்சியாவின் மகனான சாஞ்சோ. அவருடைய மகன் மீண்டும் கார்சியா சாஞ்செஸ். இரண்டாம் பகுதி தந்தையை மட்டுமே சுட்டியதால் தலைமுறைதோறும் மாறிக்கொண்டே வந்தது. ஆகவே அக்காலத்து ஆவணங்களில் ஒரே வம்சத்தைப் பெயரால் மட்டும் தொடர முற்படுபவர் இரண்டாம் தலைமுறையிலேயே வழி தவறிவிடுவார்.

இடைக்காலத்தின் பிற்பகுதியில்தான் இந்த இரண்டாம் பகுதி உறைந்து குடும்பத்துக்கு உரியதாயிற்று. பெர்னாந்தோவின் மகன் பெர்னாந்தெஸ், ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகெஸ் என விகுதி பெற்ற வடிவங்கள் பிற பெயர்களில் நிலைத்துவிட்டன. கார்சியாவைப் பொறுத்தவரை விகுதி பெற்ற கார்செஸ் சிறுபான்மையாக ஒதுங்க, விகுதி இல்லாத வடிவமே பெருவழக்காயிற்று. ஸ்பெயினின் முன்னணிக் குடும்பப் பெயர்களிடையே இதை அடையாளம் காட்டும் தனித்தன்மை இது. கர்தினால் சிஸ்னெரோஸ் 1490களின் இறுதியில் தம் மறைமாவட்டத்தில் திருமுழுக்குப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியதும், 1563இல் நிறைவுற்ற திரெந்து பொதுச்சங்கம் பதிவேட்டு முறையைக் கத்தோலிக்க உலகெங்கும் வலியுறுத்தியதும், 1871இல் அரசின் குடிமைப் பதிவு தொடங்கியதும் பெயர்களை மேலும் இறுக்கின.

ஓர் எச்சரிக்கை. போர்த்துகலிலும் இப்பெயர் உண்டு, அங்கும் அது நெடுங்காலம் இடுபெயராக வழங்கியது. 1563இல் கோவாவில் மூலிகைகள் பற்றிய தம் நூலை அச்சேற்றிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் பெயரில் கார்சியா என்பது இடுபெயர்தான். பிரேசிலில் காணப்படும் கார்சியாக்களை எல்லாம் ஸ்பெயினிலிருந்து சென்றவர்கள் என்று கொள்வதற்கும் இதே காரணத்தால் இடமில்லை.

கடற்பாதை:

பிலிப்பைன்ஸ் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் இங்கேதான் பெயரையும் இரத்த உறவையும் ஒன்றாகக் கருதும் பழக்கம் மிகுந்த குழப்பத்தை உண்டாக்குகிறது.

ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா 1849 நவம்பர் 21ஆம் நாள் பிறப்பித்த ஆணையின் நோக்கம் நிர்வாகம் சார்ந்தது. ஒரே குடும்பத்தில் தந்தைக்கு ஒரு பெயர், மக்களுக்கு வேறு பெயர்கள் என்றிருந்தன. சிலுவையையும் புனிதர்களையும் குறிக்கும் 'தெ லா க்ரூஸ்', 'தெ லோஸ் சாந்தோஸ்' போன்றவற்றை எண்ணற்றோர் விரும்பிச் சூடிக்கொண்டதால் வரிப் பட்டியலிலும் திருமணப் பதிவிலும் யார் எவர் என்று பிரித்தறிய முடியவில்லை. இதற்குத் தீர்வாக ஏறத்தாழ 61,000 பெயர்கள் கொண்ட அகரவரிசைப் பட்டியல் ஒன்று தொகுக்கப்பட்டு, அதன் பக்கங்கள் மாகாணங்களுக்கும் அங்கிருந்து ஊர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அப்பட்டியலில் ஸ்பானியக் குடும்பப் பெயர்களோடு இடங்கள், தாவரங்கள், கனிமங்கள் ஆகியவற்றின் பெயர்களும் உள்நாட்டு மொழிச் சொற்களும் இருந்தன. ஒரே பக்கம் ஒரே ஊருக்குப் போனதால், அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் நகரில் ஒரே எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் இன்றுவரை குவிந்திருக்கின்றன.

ஆனால் அந்த ஆணை எல்லாருடைய பெயரையும் மாற்றச் சொல்லவில்லை. நான்கு தலைமுறைகளாக ஒரே பெயரைக் காத்து வந்ததை மெய்ப்பிக்கக் கூடிய குடும்பங்கள் அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கு அளித்தது. அளவுக்கு மீறிப் பெருகிவிட்ட 'தெ லா க்ரூஸ்' போன்றவற்றுக்கு அந்த விலக்கும் கிடையாது. எனவே இன்றைய ஒரு பிலிப்பைன்ஸ் கார்சியாவின் முன்னோர் ஆணைக்கு முன்பே திருமுழுக்கின்போது அப்பெயரைப் பெற்றிருக்கலாம், ஆணைக்குப் பின் பெற்றிருக்கலாம், அரிதாக ஸ்பானிய மூதாதையரிடமிருந்தும் பெற்றிருக்கலாம். அத்தீவுகளில் ஸ்பானியர்கள் என்றுமே மிகச் சிறு தொகையினராகத்தான் இருந்தார்கள் என்பதால் மூன்றாவது வாய்ப்பு எளிதில் முன்வைக்கத் தக்கதன்று.

1957 முதல் 1961 வரை பிலிப்பைன்ஸின் குடியரசுத் தலைவராக இருந்த கார்லோஸ் பி. கார்சியாவின் பெயரைக் கவனியுங்கள். நடுவிலுள்ள எழுத்து அவருடைய தாயின் குடும்பப் பெயரான பொலெஸ்திகோவைக் குறிக்கிறது. ஸ்பெயினில் வழக்கமாகத் தந்தையின் பெயர் முன்னும் தாயின் பெயர் பின்னுமாக வரும். பிலிப்பைன்ஸில் தாயின் பெயர் நடுவே சென்று, தந்தையின் பெயர் இறுதிக்கு வந்துவிட்டது. பெயர் ஸ்பானியமாக இருப்பினும் அதை அடுக்கும் முறை ஸ்பானியமன்று.

ஏடுபுரட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் அமெரிக்காவின் உயர்வையேனும் குடியேற்றத்தின் நேரடி விளைவு என்று கொள்ளலாம் அல்லவா? அங்கே ஆணையிட்டு எவரும் பெயர் வழங்கவில்லையே.

கணக்கோலை:

ஓரளவுக்குக் கொள்ளலாம் நண்பரே, ஆனால் எந்தக் குடியேற்றம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள கார்சியாக்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிகோ, கரீபியத் தீவுகள், நடு அமெரிக்கா ஆகிய இடங்களோடு தொடர்புடையவர்கள். ஸ்பெயினிலிருந்து நேரே வந்தவர்கள் மிகச் சிலரே. மெக்ஸிகோவிலும் கூட, காலனி ஆட்சிக் காலத்தில் திருமுழுக்குப் பெற்ற பழங்குடி மக்களும் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களும் ஞானப்பெற்றோர், குருமார், நில உடைமையாளர் ஆகியோர் வழியாக ஸ்பானியப் பெயர்களை ஏற்றனர். ஆக, கடற்பாதை சொன்னது பிலிப்பைன்ஸுக்கு மட்டும் உரியதன்று. இன்னொரு சாராரையும் மறக்கலாகாது: மெக்ஸிகோ-அமெரிக்கப் போரை முடித்த 1848ஆம் ஆண்டு குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் எல்லை நகர்ந்தபோது, வீட்டை விட்டு ஓர் அடியும் நகராமல் அமெரிக்க ஆட்சிக்குள் வந்து சேர்ந்த நியூ மெக்ஸிகோ, கலிபோர்னியா குடும்பங்கள் அவை. அவர்களைக் குடியேறிகள் என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

நீங்கள் தந்த எண்களிலேயே இன்னொரு செய்தி உண்டு. 2000க்கும் 2010க்கும் இடையே கார்சியாக்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு பெருகினர். அதே காலத்தில் அந்நாட்டின் ஹிஸ்பானிய மக்கள்தொகை 3.53 கோடியிலிருந்து 5.05 கோடியாக, அதாவது 43 விழுக்காடு உயர்ந்தது. வரிசையில் மேலே ஏறியபோதும், தன் சமூகத்துக்குள் கார்சியாவின் பங்கு சற்றே குறைந்திருக்கிறது. எர்னாந்தெஸ் என்ற பெயரோ 7,06,372இலிருந்து 10,43,281 ஆக, கிட்டத்தட்ட 48 விழுக்காடு வளர்ந்தது. மெக்ஸிகோவில் முதலிடம் வகிப்பது எர்னாந்தெஸ்தான் என்பதை நினைவிற்கொண்டால், அந்தப் பத்தாண்டுகளில் எங்கிருந்து மக்கள் வந்தார்கள் என்பதற்கு இந்த வேறுபாடு ஒரு தடயம் ஆகும். வரிசை எண்ணை மட்டும் நோக்குபவருக்கு இது புலப்படாது. மேலும் 1990ஆம் ஆண்டின் பட்டியல் ஒரு மாதிரித் தொகுதியிலிருந்து தயாரிக்கப்பட்டது. பிந்தைய இரண்டும் முழுக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. எனவே 18இலிருந்து 8க்குத் தாவியதையும், 8இலிருந்து 6க்கு ஏறியதையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

அமெரிக்காவில் ஆணையிட்டு எவரும் பெயர் வழங்கவில்லை என்கிறீர்கள், உண்மைதான். எனினும் பெயரைக் கொண்டு மக்களை வகைப்படுத்தும் வேலையை அரசு செய்தது. 1950, 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் அரிசோனா, கலிபோர்னியா, கொலராடோ, நியூ மெக்ஸிகோ, டெக்ஸாஸ் ஆகிய ஐந்து மாநிலங்களில் 'ஸ்பானியக் குடும்பப் பெயர் கொண்டோர்' என்ற பிரிவே இருந்தது. ஸ்பானியப் பெயரில்லாத ஒருவரை மணந்து அவருடைய பெயரை ஏற்ற பெண் அக்கணக்கிலிருந்து மறைந்துபோனார். எதிர்த்திசையில் மணந்த பெண் அதில் சேர்ந்துகொண்டார்.

இதே பெயர்க் கணக்கு நீதிக்கும் பயன்பட்டது. டெக்ஸாஸின் ஜாக்சன் மாவட்டத்தில் மக்கள்தொகையில் 14 விழுக்காட்டினர் மெக்ஸிகோ அல்லது லத்தீன் அமெரிக்கக் குடும்பப் பெயர் கொண்டவர்களாக இருந்தும், அத்தகைய பெயருள்ள ஒருவர்கூட 25 ஆண்டுகளாக அங்கு நீதிமன்ற நடுவர் குழுவில் (ஜூரியில்) அமர்ந்ததற்குப் பதிவு இல்லை. 1954 மே மாதத்தில் 'எர்னாந்தெஸ் எதிர் டெக்ஸாஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஒதுக்கலை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கை அங்கே வாதிட்ட வழக்கறிஞர்களில் ஒருவரான குஸ் கார்சியாவின் பெயரும் நம் பட்டியலைச் சேர்ந்ததே.

இருபெயரோன்:

வரைபடம் பற்றிய கேள்வி எஞ்சியிருப்பதால் பிரான்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயரின் பரவலும் மக்களின் பெயர்ச்சியும் நெருங்கி நடந்த நாடு அது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1939இன் தொடக்கத்தில் கட்டலோனியா வீழ்ந்தபோது ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் பிரனீஸைத் தாண்டினர். அவர்களில் கணிசமானோர் அங்கேயே தங்கினர். 1960களில் வேலை தேடி வந்தோர் அடுத்த அலை. இன்னொரு வழி ஆப்பிரிக்காவைச் சுற்றி வருகிறது: அல்ஜீரியாவின் ஓரான் பகுதியில் குடியேறியிருந்த ஸ்பானியர்களின் பிள்ளைகள் 1889ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாயினர், 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது அவர்களுடைய வழித்தோன்றல்கள் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தனர். தென் பிரான்ஸில் இன்று கார்சியாவும் மார்த்தினெஸும் முன்வரிசையில் நிற்பதற்கு இம்மூன்றும் காரணம். இங்கே நீங்கள் விரும்பும் வரைபடத்தைத் துணிந்து தீட்டலாம்.

ஆயினும் கணக்கோலை சுட்டிய பெண்களின் மறைவு இங்கும் உண்டு. செவில்யாவில் 1775இல் பிறந்த பாடகர் மானுவேல் கார்சியாவின் மகன், 1854இல் குரல்வளையைக் கண்ணாடியால் நோக்கும் முறையைக் கண்ட இன்னொரு மானுவேல் கார்சியா. அவருடைய பெயரில் குடும்பம் தெரிகிறது. ஐரோப்பிய இசையரங்குகளில் அவரைவிடப் புகழ்பெற்ற தங்கைகள் இருவரும் மணத்துக்குப் பின் மரியா மாலிப்ரான், போலின் வியார்தோ என்றே அறியப்பட்டனர். ஸ்பெயினில் மணமான பெண் தன் பெயரை இழப்பதில்லை. இரண்டு குடும்பப் பெயர்களும் அவளுடன் இருக்கும்.

அந்த இரண்டு பெயர் முறையே எண்ணிக்கையையும் மாற்றுகிறது. ஸ்பெயினில் கார்சியாவை முதல் குடும்பப் பெயராகக் கொண்டோர் 14 லட்சத்துக்கு மேல். ஏறத்தாழ அதே அளவினருக்கு அது இரண்டாம் பெயர். பல்லாயிரம் பேருக்கு இரண்டுமே கார்சியா. அளவுக்கு மீறிப் பரவியதாலேயே ஸ்பானியக் கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவை உலகம் தாய்வழிப் பெயரால் லோர்கா என்கிறது. கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸை வெளிநாட்டார் மார்க்கேஸ் என்று சுருக்கும்போது தந்தைவழிக் கார்சியா நடுப்பெயராகித் தேய்ந்துவிடுகிறது. ஒற்றைக் குடும்பப் பெயருக்கே இடமுள்ள படிவங்களில் இதே தேய்வு எண்ணற்ற எளிய மக்களுக்கும் நேர்கிறது.

2017 ஜூன் 30 முதல் ஸ்பெயினில் தந்தையின் பெயருக்குத் தானாகவே கிடைத்த முன்னுரிமை நீங்கிவிட்டது. எப்பெயர் முதலில் வர வேண்டும் என்பதைப் பெற்றோர் பதிவின்போது குறிப்பிட வேண்டும். தாயின் அரிதான பெயரை முன்னால் வைக்க ஒரு கார்சியா குடும்பம் இசைந்தால், பட்டியலின் முதல் நிரலில் ஒரு கார்சியா குறைந்து இரண்டாம் நிரலில் ஒன்று கூடும். ஆகவே ஸ்பெயினின் எண்ணையும் அமெரிக்காவின் எண்ணையும் ஒரே அட்டவணையில் வைப்பதாயின், ஸ்பெயினுக்கு முதற்பெயர், இரண்டாம் பெயர் என்று இரண்டு நிரல்களைத் தனித்தனியே கொடுங்கள். பிலிப்பைன்ஸை அந்த அட்டவணையில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.