முதல் கார்ட் பந்தய உரிமம் பெறுவது எப்படி?

கேள்வி: என் பதினொரு வயது மகள் ஓராண்டாக வாடகை கார்ட் (மேல்மூடியில்லாத சிறு பந்தய வண்டி) ஓட்டி வருகிறாள். பந்தயத்தில் கலந்துகொள்வதற்கான உரிமத்துக்கு யாரை அணுக வேண்டும்? சாலை ஓட்டுநர் உரிமம் பெறும் வயது வராதது தடையாகுமா?

மறுமொழி 1: தடையில்லை ஐயா, இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பு) அமைப்பிடம் இணையவழியே விண்ணப்பிக்க வேண்டும். வயதுச் சான்று, மருத்துவச் சான்று, பெற்றோர் ஒப்புதல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மறுமொழி 2: காகித வேலை எளிது, வண்டிதான் கடினம். வாடகை வண்டியில் பழகியவர்களுக்கு 125 சிசி டூ-ஸ்ட்ரோக் ரோட்டாக்ஸ் எஞ்சின் பொருத்திய பந்தயக் கார்ட் முற்றிலும் வேறு அனுபவம். பந்தயக் கார்ட்டில் சீட் பெல்ட் இல்லாததால் வளைவுகளில் இருக்கையின் விளிம்பே உடலைத் தாங்குகிறது. விலாக் கவசம் அணியாமல் ஓட்டிய என் மகனால் மறுநாள் சட்டை மாட்டக் கையைத் தூக்கவே முடியவில்லை. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ பந்தயத் தடம் போன்ற இடத்தில் சில நாள் பயிற்சி எடுத்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது என்பேன்.

மறுமொழி 3: பந்தயத்தில் ஓட்டுநர்களுக்குக் காட்டும் கொடிகளின் பொருளையும் சொல்லிக்கொடுங்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முந்தக் கூடாது. கறுப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் அது தண்டனை அன்று. வண்டியில் கோளாறு, பிட்டுக்கு (வண்டியைச் சரிசெய்யும் இடம்) திரும்பு என்று பொருள். புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இதில்தான்.

கேட்டவர்: மிக்க நன்றி. விலாக் கவசத்தை இன்றே தேடுகிறேன்.